முன்னறைக்கு வந்த வரி

2025 ஜனவரி 15, புதன்

சல்வார் வெட்டிக்கொண்டிருந்தபோது பிரதேச சபையிலிருந்து கடிதம் வந்தது. வீட்டுக்கு வருடாவருடம் கட்டுகிற சோலைவரி. போன வருடம் ஆயிரத்து நானூறு. இந்த வருடம் பதினோராயிரத்து இருநூறு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். அதேதான். பெயர் மட்டும் மகள் ஷஸ்னாவுடையது. கலியாணத்துக்கு வீட்டை அவள் பேரில் எழுதிக் கொடுத்தோமே.

ஜனவரி 16

சபைக்குப் போனேன். உதயரூபன் என்ற உத்தியோகத்தர் பொறுமையாகச் சொன்னார். புதிதாக மதிப்பிட்டார்களாம். முன்னறையில் இரண்டு தையல் மெஷின், வாசல் படலையில் போர்ட் – ஆகவே இது வியாபார இடமாம். அதற்கு வேறு வீதம்.

வறுமைப்பட்ட வீட்டுக்காரருக்கு வரியைத் தள்ளுபடி செய்யலாம் என்றும் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. கணவர் மௌத்தாகி ஒன்பது வருடம், தையல்தான் சாப்பாடு என்று எல்லாம் சொன்னேன்.

"அம்மா, உங்கட கஷ்டம் எனக்கு விளங்குது. ஆனா வீடு உங்கட பேர்ல இல்லையே. வீட்டுக்காரர்ட வருமானத்தைத்தான் பார்ப்பாங்க. மகள் எங்க?"

"கட்டார்ல."

அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

ஜனவரி 17

இருபத்தாறு வருடமாக நான் கூட்டிப் பெருக்குகிற வீடு. இதில் நான் யார்?

ஜனவரி 20

ஷஸ்னாவுக்குப் போன் எடுத்தேன். காசு கேட்க வெட்கம்தான், கேட்டேன். அவள் அழுதாள். மருமகன் ஸாஹிருக்கு நாலு மாதமாக வேலையில்லையாம்.

"மாமி ஆக்களுக்குத் தெரியாது உம்மா. நீங்க ஆருக்கிட்டயும் சொல்லிராதீங்க."

நாலு மாதம்! ஒவ்வொரு வெள்ளியும் பேசுகிற பிள்ளை. நான் ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கிறேனே.

ஜனவரி 22

அப்படியென்றால் வீட்டுக்காரியும் வறுமைப்பட்டவள்தான். வரியைத் தள்ளுவார்கள். ஆனால் கிராம சேவகரின் கடிதம் வேண்டும். எங்கள் கிராம சேவகர் ஸாஹிரின் பெரியும்மா மகன். காரணம் சொல்லாமல் எப்படிக் கேட்கிற? சொன்னால் அன்றைக்கே சம்பந்தி வீட்டுக்குப் போய்விடும்.

ஜனவரி 23

அவருடைய படலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

பெப்ரவரி 6

மறுபடியும் சபை. உதயரூபன் வேறு வழி சொன்னார். போர்டைக் கழற்றி, தையலை நிறுத்தி, எழுதிக் கொடுத்தால் வந்து பார்ப்பாராம். வெறும் வீடாக இருந்தால் பழைய வீதத்துக்குக் கிட்ட வருமாம்.

"தைக்காம நான் என்னத்தச் சாப்பிடுற தம்பி?"

அவரும் என்ன செய்வார்? விண்ணப்பத்தை மட்டும் நீட்டினார்.

பெப்ரவரி 17, திங்கள்

போர்டைக் கழற்றினேன். நோன்பு தொடங்க இரண்டு வாரம்கூட இல்லை. வருடத்தில் கை நிறைய வேலை வருகிற காலம் இதுதான். பக்கத்து வீட்டு நிஸ்மியா தன் மூன்று பிள்ளைகளுக்கும் பெருநாள் துணி கொண்டுவந்தாள். கண் சரியில்லை என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

பெப்ரவரி 21

சந்தியில் தையல் கடை வைத்திருக்கிற றபீக்கா என்னைச் சேர்த்துக்கொண்டாள். உடுப்புக்கு இவ்வளவு என்று கூலி. மெஷின்கள் இரண்டையும் ஓட்டோவில் அங்கேயே கொண்டுபோயாயிற்று. ஷஸ்னா கவலைப்படுவாள் என்று அவளுக்குச் சொல்லவில்லை. அவள் எனக்குச் சொல்லாமல் இருந்ததும் இதுக்காகத்தான் போல.

மார்ச் 5, புதன்

உதயரூபன் வந்தார். முன்னறையை நாடா பிடித்து அளந்தார். சுவரோரம் உட்கார இரண்டு கதிரை, வேறொன்றும் இல்லை.

"இந்த அறையில ஆரு இருக்கிற?"

"ஒருத்தரும் இல்ல."

எழுதிக்கொண்டார். குறைந்த கணக்கில் புதுக் கடிதம் வரும், மகளின் பேருக்கு அனுப்புவோம் என்றார். நோன்பு என்பதால் தேத்தண்ணிக்குக்கூட இருக்கவில்லை. இன்னும் ஏதோ சொல்ல வந்தவர் போலப் படலையடியில் நின்றார்.

எனக்கு நிற்க நேரமில்லை. றபீக்காவிடம் அரை மணித்தியாலம்தான் கேட்டுக்கொண்டு வந்திருந்தேன்.