கட் சொன்ன பிறகு

அன்புள்ள குச்சிக்கு,

போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் இந்தக் கடிதத்தைச் சிரிப்பாகத் தொடங்கியிருப்பேன். உன் போன் அணைந்தே கிடக்கிறது. உன் படத்தின் தயாரிப்பு நிர்வாகியைக் கேட்டேன். படப்பிடிப்பு நடக்கிற இடத்தில் சிக்னல் கிடையாதாம். அதோடு, கதாபாத்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதற்காக உங்கள் எல்லோருடைய போனையும் இயக்குநரே வாங்கி வைத்துக்கொண்டாராம். ஏதோ தியான முகாம் நடக்கிற மாதிரி பெருமையாகச் சொன்னார். எனக்குப் பெருமையாக இல்லை. அதனால்தான் காகிதமும் பேனாவும்.

இங்கே உன் கட்டில் அப்படியே இருக்கிறது. வீட்டுக்காரம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். உன் சிநேகிதி கதாநாயகி ஆகிவிட்டாளாமே, இனிமேல் இந்த ஒழுகுகிற குழாயில் குளிப்பாளா என்று கேட்டார். குளிப்பாள், குழாயைச் சரி செய்தால் இன்னும் நன்றாகக் குளிப்பாள் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பஸ் ஏறும்போது நீ சொன்னதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். "உனக்குக் கிடைக்கலன்னு வயிறு எரியுது. அதுக்கு அக்கறைன்னு பேர் வெச்சுக்கிற." ஆமாம், இந்தப் படத்தின் ஆடிஷனில் நானும்தான் நின்றேன். வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாய். அதன் நகல்கூட உன்னிடம் இல்லை. கேட்டால் இயக்குநருக்கு உன் மேல் நம்பிக்கை போய்விடும் என்றாய். நம்பிக்கை உள்ளவர் நகல் கொடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது? இப்போதும் கேட்கலாம். எல்லோரும் இருக்கும்போது சிரித்துக்கொண்டே கேள்.

நாம் இருவரும் இந்த ஊருக்கு வந்து எத்தனை வாசலில் நின்றோம். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வாசல்களில் தெரிந்துகொண்டதுதான். மறுநாள் எடுக்கப்போகிற காட்சியின் தாளை முதல் நாள் சாயங்காலமே வாங்கிப் படி. தாளில் இல்லாத ஒன்றைச் செய்யச் சொன்னால், அறைக்குள் தனியாகப் பேச வேண்டாம், செட்டில் நாலு பேர் காது கேட்கப் பேசு. தலை வாருகிறவர், உடை தைக்கிறவர், வண்டி ஓட்டுகிறவர், இவர்களோடு முதல் நாளிலேயே பழகிவிடு. அந்த மழை விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? என் கையை மட்டும் எடுப்பதற்காகப் பகல் முழுக்க நனைய விட்டார்களே. துண்டு கொண்டுவந்து போர்த்தியது உடைக்காரர்தான். இயக்குநருக்கு நான் வெறும் கை. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. யார் தைரியத்துக்கு என்று மாத்திரை கொடுத்தாலும் வாங்காதே. முடியாவிட்டால் முடியாது என்று சொல்வதும் நடிப்புத் தொழிலில் ஒரு பாகம்தான். அதை யாரும் பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லித் தருவதில்லை.

ஒரு செய்தி. எனக்கு டப்பிங் வேலை வந்திருக்கிறது. யார் படம் தெரியுமா? உன் இயக்குநர் இதற்கு முன்னால் எடுத்து முடித்த படம். கதாநாயகிக்கு நான் குரல் கொடுக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கே நல்ல குரல்தான், தமிழும் சுத்தம். பிறகு ஏன் நான் என்று கேட்டேன். அவள் வரமாட்டேன் என்கிறாள் என்றார்கள். அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை.

இரண்டு வரி போதும், எழுது. கோபமாகவே எழுது.

உன்,
மைக்கு


அன்புள்ள குச்சி,

முன்பு தபாலில் போட்டதற்குப் பதில் இல்லை. உன் கைக்கு வந்ததா என்றும் தெரியவில்லை. இதை உன் படத்தின் உடைப் பிரிவுத் தையல்கார அக்காவிடம் கொடுத்து அனுப்புகிறேன். துணி வாங்க ஊருக்கு வந்தவரைத் தேடிப் பிடித்தேன். உன் கையில் மட்டும்தான் கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறார். படித்ததும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

டப்பிங் அறையில் எப்படி வேலை நடக்கும் என்று உனக்குத் தெரியும். படப்பிடிப்பில் பதிவான நிஜக் குரலை ஹெட்போனில் ஒரு முறை கேட்போம். அப்புறம் திரையில் உதட்டைப் பார்த்து நாம் பேசுவோம். இந்தப் படத்தில் ஒலிப்பதிவாளர் ஒவ்வொரு துண்டையும் மிகவும் ஒட்ட நறுக்கியே கொடுத்தார். வசனம் முடிந்ததும் சட்டென்று அமைதி. அவர் கத்தரிப்பதில் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று ஒரு துண்டில் வாலை நறுக்க மறந்துவிட்டார்.

ஒரு பெண்ணை இருட்டறையில் வைத்துப் பூட்டிவிடுகிற காட்சி. அவள் கதவைத் தட்டிக் கத்துகிறாள். கத்தி முடித்ததும் யாரோ "கட்" என்கிறார்கள். நான் ஹெட்போனைக் கழற்றப் போனேன். ஆனால் தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. "சார், கட் சொல்லிட்டீங்கல்ல, கதவத் திறங்க சார். இது நடிப்பு இல்ல சார், மூச்சு முட்டுது." அப்புறம் உன் இயக்குநரின் குரல். உனக்குத்தான் தெரியுமே, அந்த மென்மையான, சத்தம் போடாத குரல். "கேமரா ரோலிங்லயே இருக்கட்டும். இப்பதான் வருது."

அதற்குப் பிறகு அது ஓடிக்கொண்டே இருந்தது, குச்சி. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. கடைசியில் அவள் கதவைத் தட்டுவதையும் நிறுத்திவிட்டாள். வெறும் மூச்சுச் சத்தம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் வெளிறிப்போய் எழுந்து நின்றார். கேட்டதை மறந்துவிடும்மா, எனக்கும் குடும்பம் இருக்கிறது என்றார். அந்த அலறலின் மேல் என் அலறலைப் போட என்னால் முடியவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் ஆடிஷன் நினைவுக்கு வந்தது. என்னை நடிக்கச் சொல்வதற்கு முன்னால் அவர் கேட்டது ஒரே கேள்வி. இருட்டென்றால் பயமா? இல்லை என்றேன். சரி, போகலாம் என்றார். நீ வெளியே வந்ததும் உன்னையும் இதைத்தான் கேட்டார் என்றாய். நீ மறைக்காமல் உண்மையைச் சொல்லியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்தே இருட்டு அறை ஆகாது, இப்போதும் குளியலறை விளக்கு எரிய வேண்டும் என்று. நல்ல நடிகையைத் தேடினார் என்று நாம் இருவரும் நம்பினோம். அவர் தேடியது நிஜமாகவே பயப்படுகிறவளைத்தான்.

அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். தன் சொந்த அக்கா வீட்டில் இருக்கிறாள். முதலில் கதவைத் திறக்கவே மாட்டேன் என்றாள், பிறகு அவளுக்குக் குரல் கொடுக்கிறவள் நான் என்று சொன்னதும் திறந்தாள். அதிகம் பேசவில்லை. இப்போது லிஃப்டில்கூட ஏற முடியவில்லை என்றாள். இப்போது இன்னொரு பெண் அவர் படப்பிடிப்புக்குப் போயிருக்கிறாள் என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் படத்தில் பூட்டுகிற காட்சி ஒன்று இருக்கும், அது கடைசியில்தான் வரும், அதுவரை ரொம்ப நல்லவராக இருப்பார் என்றாள். மகளே என்றுகூடக் கூப்பிடுவாராம். உன்னையும் அப்படிக் கூப்பிடுகிறாரா?

நடிகர் சங்கத்துக்குப் போனேன். செயலாளர் அம்மா கறாரான ஆள், ஆனால் உட்கார வைத்துக் கேட்டார். பாதிக்கப்பட்டவர் கையெழுத்தோடு புகார் வந்தால் அன்றைக்கே ஆளை அனுப்புகிறேன் என்றார். அந்தப் பெண்ணால் இன்னும் பேனா எடுக்க முடியவில்லை. அதை அவளிடம் வற்புறுத்த எனக்கு மனசு வரவில்லை.

அதனால் உன்னிடம்தான் கெஞ்ச வேண்டியிருக்கிறது. கிளம்பி வந்துவிடு. வர முடியாவிட்டால், அந்தக் காட்சிக்கு முன்னால் எல்லோர் எதிரிலும் கேள்: கதவுக்கு வெளியே யார் நிற்பார், பூட்டு நிஜமா, விளக்கு யார் கையில், நிறுத்தச் சொல்ல என்ன வார்த்தை. தையல்கார அக்கா கதவுப் பக்கம் நிற்கட்டும். அவரிடம் சொல்லிவிட்டேன். படம் போனால் போகட்டும்டி. வேறு படம் வரும். வராவிட்டால் நாம் இருவரும் சேர்ந்து விளம்பரத்தில் பல் தேய்ப்போம்.

என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள், பொறாமைக்காரி என்றே நினைத்துக்கொள். இதை மட்டும் நம்பு.

உன்,
மைக்கு


அன்புள்ள மைக்கு,

உன் முதல் கடிதமும் வந்தது. பிரித்துத்தான் வந்தது. சாயங்காலம் டீ குடிக்கும்போது இயக்குநர் அதை எல்லோர் முன்னாலும் வாசித்தார். அந்தக் கை விளம்பரத்தை வாசித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "உன் ஃபிரண்டு பாவம்மா, ரொம்ப ஏமாந்துபோயிருக்கா" என்றார். பதில் எழுதாதே, எழுதினால் நீயும் அவளைப் போல ஆகிவிடுவாய் என்றார். எழுதாமல் இருந்தேன். ஆமாம், மகளே என்றுதான் கூப்பிட்டார்.

இரண்டாவது கடிதத்தை அக்கா, அளவு பார்க்கிற சாக்கில் என் ஜாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்தார். மரத்தடியில் நின்று படித்தேன். அன்றைக்குத்தான் அந்தக் காட்சி. இங்கே மூடிக்கிடக்கிற பழைய குளிர்பதனக் கிடங்கு ஒன்று இருக்கிறது, ஜன்னலே கிடையாது, காட்சி அதற்குள்தான். போய்விடலாம் என்றால் வண்டி நகரத்துக்குப் போயிருந்தது. நடந்து போக எந்தப் பக்கம் சாலை என்றுகூட எனக்குத் தெரியாது.

நீ சொன்னபடி எல்லோர் எதிரிலும் கேட்டேன். குரல் கீச்சென்று வந்தது. அவர் கோபப்படவே இல்லை. தாராளமாகம்மா என்றார். பூட்டு மாட்டமாட்டோம், தண்ணீர் என்று சொன்னால் நிறுத்திவிடுவோம், ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் என்றார். உதவி இயக்குநர்கள் தலையாட்டினார்கள். எனக்கு உன் மேல் கோபம்கூட வந்தது. இத்தனை நல்லவரைப் போய் இப்படி எழுதினாளே என்று.

உள்ளே போனேன். கதவு மூடியது. கேமராவைச் சுவரில் ஒரு ஓட்டை வழியாக வைத்திருந்தார்கள். முதல் பாதி நன்றாகவே செய்தேன், அது எனக்கே தெரிந்தது. அப்புறம் விளக்கு அணைந்தது.

தண்ணீர் என்றேன். இன்னும் சத்தமாகச் சொன்னேன். கதவைத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. வெளியே தையல்கார அக்கா யாரிடமோ சத்தம் போடுவது மெல்லிசாகக் கேட்டது. அவரை அப்பால் இழுத்துக்கொண்டு போவதும் கேட்டது. அதற்குப் பிறகு எனக்கு நடந்ததை உனக்கு எழுத மாட்டேன். நீதான் கேட்டிருக்கிறாயே, அந்தச் சத்தம் என்னிடமிருந்தும் வந்தது.

சுவரில் கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எதுவும் யோசித்துச் செய்யவில்லை. அதை நோக்கித் தவழ்ந்து போனேன். நடிக்க வந்த முதல் நாளே நமக்குச் சொல்லித் தருவார்களே, கேமராவை மட்டும் பார்க்கவே கூடாது, பார்த்தால் ஷாட் போச்சு என்று. நான் அதற்கு மூக்கு முட்டுகிற தூரத்தில் முகத்தை வைத்து நேராகப் பார்த்தேன். அப்பா அம்மா வைத்த என் முழுப் பெயரைச் சொன்னேன். "நான் நிறுத்தச் சொல்லிட்டேன். இதுக்கு நான் ஒத்துக்கல. கதவத் திறங்க." வாய்பாடு ஒப்பிக்கிற குழந்தை மாதிரி இதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். அழுகை, கத்தல் ஒன்றும் இல்லை. அவர்களுக்குப் பிரயோஜனப்படுகிற எதையும் கொடுக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

இயக்குநர் ரோலிங் என்றுதான் சொல்லியிருக்கிறார். ஒளிப்பதிவாளர்தான் கேமராவை அணைத்துவிட்டு வந்து கதவைத் திறந்தார். போன படத்துக்கும் அவர்தான் ஒளிப்பதிவு. என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே பளீரென்று மதிய வெயில். பாதிப் பேர் தட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதுதான் நம்பமுடியாமல் இருந்தது. இயக்குநர் பக்கத்தில் வந்து, அதே குரலில், "நல்லாத்தான் வந்துச்சு, கெடுத்துட்டியேம்மா" என்றார்.

இப்போது தையல்கார அக்காவின் அறையில் இருக்கிறேன். அவர் மெஷினைக் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறார். என் போனைக் கேட்டேன், நாளை தருகிறேன் என்கிறார்கள். வண்டியும் நாளைதானாம். நாளை வரை என்ன நடக்கும் என்று தெரியவில்லை. கார் சத்தம் கேட்டாலே அக்காவின் சேலையைப் பிடித்துக்கொள்கிறேன். சங்கத்துக்குப் புகாரை என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். காய்கறி கொண்டுவருகிறவர் எடுத்துக்கொண்டு வருவார். கிடைத்ததும் செயலாளர் அம்மாவிடம் ஓடு. எனக்கு முன்னால் இது போய்ச் சேர வேண்டும்.

இனி இந்தத் தொழிலில் எனக்கு என்ன பெயர் வரும் என்று தெரியும். செட்டில் தகராறு செய்கிறவள். வரட்டும். அந்தப் பெண்ணிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போ. அவள் பேச வேண்டாம், நானும் பேசமாட்டேன், சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம்.

பஸ் நிலையத்தில் சொன்னதற்கு மன்னிப்பு நேரில் கேட்கிறேன். எழுத்தில் கேட்டால் நீ அதைச் சட்டம் போட்டு மாட்டிவிடுவாய்.

நான் எந்த நேரத்துக்கு வந்து சேர்வேன் என்று தெரியாது. நீ வேலைக்குப் போயிருந்தாலும் அறையைப் பூட்டிவிட்டுப் போகாதே. வீட்டுக்காரம்மா திட்டினால் திட்டட்டும், நம்மிடம் திருட என்ன இருக்கிறது? கொஞ்ச நாளைக்கு அந்தக் கதவு திறந்தே கிடக்கட்டும்டி.

உன்,
குச்சி