வண்டி பார்க்கப் போன நாலாவது ஆள்

ஜூலை 3, வியாழன்

காலையிலேயே வெயில். பி.பி. மாத்திரை போட்டாச்சு. பாலில் இன்றைக்கும் தண்ணீர். கேட்டால் மாடு நிறையத் தண்ணீர் குடிக்கிறதாம்.

வீடு முழுக்க கார் பேச்சு. ஆடி பிறப்பதற்குள் வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்கிறான் பையன் சரவணன். நாளை ஷோரூம் போகிறார்கள். அவன், மருமகள் மாலினி, மாலினியின் அப்பா. சம்பந்தி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படி இருந்தவர்களுக்கு ஊரில் சொல்தா என்று பெயர்; இவரையும் அப்படிச் சொன்னால்தான் தெரியும். மாசா மாசம் அங்கிருந்து பென்ஷன் வருகிறது. அது வர வர இங்கே மூக்கு உயருகிறது.

என்னைக் கூப்பிடவில்லை. என் பெண்டாட்டி தனத்தையும் கூப்பிடவில்லை. ஆனால் வாயைத் திறந்தால் எல்லோரும் "அம்மாவுக்காகத்தான் வண்டி".

அது உண்மைதான். தனத்துக்கு இரண்டு முட்டியும் போச்சு. ஆட்டோவில் ஏறினால் இறங்குகிறபோது அழுகிறாள். ஆஸ்பத்திரி தவிர வேறு எங்கும் போய் வருஷத்துக்கு மேலே. அவள் தங்கச்சி ராணி பிள்ளைச்சாவடியில் வீடு கட்டிக் குடி போனாள். இங்கிருந்து ஆட்டோவில் கால் மணி தூரம்தான். அதற்கும் இவள் போகவில்லை, போனில் போட்டோ பார்த்தாள். ராணி தினம் போன் பண்ணி "எப்பக்கா வர?" என்கிறாள். இவள் "வண்டி வரட்டும்டி" என்கிறாள்.

சாயங்காலம். சரவணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அப்பா, நாளைக்கு நீயும் வா."

மனசு குளிர்ந்துபோச்சு. "எதுக்குடா?"

"மூணு பேரா நல்ல காரியத்துக்குப் போவக் கூடாதாம். மாமா சொல்றாரு."

அதாவது எண்ணிக்கைக்கு. பாரிசில் பனியில் நின்ற மனிதருக்கு, முத்தியால்பேட்டையில் மூன்று பேர் கிளம்பினால் ஆகாதாம்.

"ஒரு கல்ல எடுத்துப் பையில போட்டுக்கினு போங்க. நாலாயிடும். எல்லாரும் அதான் செய்வாங்க" என்றேன்.

மாலினி உள்ளேயிருந்து: "அதத்தான் மொதல்ல யோசிச்சோம் மாமா. கல்லுன்னா பேசாம வரும்."

என் வாய் அவளுக்கும் வந்துவிட்டது. யார் பழக்கிவிட்டது, நான்தான்.

ஜூலை 4, வெள்ளி

ஷோரூம். உள்ளே அப்படி ஒரு குளிர். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டேன். சரவணன் கண்ணால் முறைத்தான். கழற்றவில்லை.

பார்த்த வண்டிகள்:

செடான். பின்னால் டிக்கி நீட்டிக்கொண்டு, தரையோடு தரையாக. சொல்தா பார்த்ததும் "மழை வந்தா ரெயின்போ நகர்லயே முங்கிடும்" என்றார். அது சரிதான். அவர் சொன்னதில் அது ஒன்று சரி.

வேன். பக்கத்தில் கதவைத் தள்ளினால் திறக்கிறது. தரை தணிவு. ஒரு எட்டு வைத்தால் உள்ளே. எனக்கு இதுதான் பிடித்தது. சொல்தா: "டாக்சி மாதிரி கீது. கையக் காட்டி நிறுத்துவாங்க." சரவணனும் தலையாட்டினான். ஆபீசில் சிரிப்பார்களாம்.

அப்புறம் எஸ்யூவி. கறுப்பு. ஏழு சீட்டு. லாரிக்குத் தங்கச்சி. சீட்டு என் இடுப்புக்கு மேலே இருக்கிறது. ஏறுவதற்கு ஓரத்தில் ஒரு படி. கூரையில் கண்ணாடி ஜன்னல். எதற்கு? வானத்தை இவர்கள் பார்த்ததே இல்லையா?

சொல்தாவுக்கு அந்தக் கறுப்பு மேல் உயிர். காரணம் தெரியும். ஜூலை பதினாலு பிரெஞ்சுக்காரர் விழா. பீச் ரோட்டில் போர் நினைவுத் தூணுக்குப் பழைய சொல்தாக்கள் எல்லாம் மெடல் குத்திக்கொண்டு வருவார்கள். போன வருஷம் இவர் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து போனார். இந்த வருஷம் உயரத்திலிருந்து இறங்க வேண்டும்.

அங்கேயே சீட்டுப் பங்கீடும் நடந்தது. சரவணன் ஓட்டுவான். முன்னால் சொல்தா. நடுவில் மாலினி, பேரப்பிள்ளைகள் இரண்டு பேர். கடைசி வரிசையில் நானும் தனமும். அங்கே போக நடு சீட்டை மடித்துவிட்டு நுழைய வேண்டும். நுழைந்து பார்த்தேன். என் முட்டி என் தாடையில் வந்து நின்றது.

வெளியே வந்து பின்கதவைத் திறந்து டிக்கியில் படுத்துக்கொண்டேன். ஷோரூம் பொண்ணு பயந்துபோய் ஓடி வந்தது.

"ஐயா, அது லக்கேஜ் வைக்கிற இடங்க."

"எங்கள அப்படித்தாம்மா வைக்கப் போறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சரவணனும் சிரித்தான்.

எழுந்து வந்து அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். "சரவணா, வெளையாட்டு இல்ல. ஒங்கம்மாவால இதுல ஏற முடியாதுடா." அதற்கும் சிரிப்பு. "படி வச்சிருக்காம்பா." சொல்தா என் முதுகில் ஒரு தட்டு தட்டி, "சம்பந்தி கூட இருந்தா பொழுது போறதே தெரியல" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம். வாழ்க்கை முழுக்க கேலி பேசினேன், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக ஒரு மனுஷன் ஒரு நிஜத்தைச் சொல்லக் கூடாதா? வண்டி வரும். இவர்கள் போவார்கள். தனம் வாசல் வரை வந்து டாட்டா காட்டிவிட்டு உள்ளே போவாள். அம்மாவுக்காக வாங்கின வண்டியாம்.

ராகு காலம் பத்தரைக்கு. அதற்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்தா வாட்சைத் தட்டினார். பேப்பர் வந்தது. பேனா வந்தது.

நான் பாத்ரூம் போனேன்.

போய் உட்கார்ந்தேன். நல்ல இடம். வாசனை வேறு. நான் இல்லாமல் கையெழுத்துப் போட்டால் அங்கே மூன்று பேர். போடட்டும் பார்க்கலாம்.

சரவணன் கதவைத் தட்டினான். "அப்பா, என்னப்பா பண்ற?"

"வயசுடா."

"சீக்கிரம் வா."

"அது என் கையிலயாடா இருக்கு?"

வெளியே சொல்தாவின் குரல்: "கல்லே எடுத்தாந்திருக்கலாம்."

நான் வந்தபோது ராகு காலம் ஆரம்பித்துவிட்டது. திரும்பும்போது டாக்சியில் ஒருத்தரும் பேசவில்லை. நான் மட்டும் டிரைவரிடம் வெயிலைப் பற்றிப் பேசினேன்.

ஜூலை 5, சனி

சரவணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. தோசை தட்டில் விழுந்த சத்தத்திலேயே மாலினியின் கோபம் தெரிந்தது.

தெருவுக்கே தெரிந்திருக்கிறது. குருசுக்குப்பத்து மீன்கார அம்மா கூடையை இறக்கினதும்: "கார் வாங்கறீங்களாமே. என்னையும் கூடையோட ஒரு தபா ஏத்திக்கினு போங்க."

"தாராளமா. கடேசி சீட்டுல எம் பக்கத்துல ஒக்காரு."

"ஒம் பக்கத்துலயா? நான் நடந்தே போறேன்."

சங்கரா வாங்கினோம். நல்ல மீன்.

மத்தியானம் தனத்திடம் ஷோரூம் கதை முழுக்கச் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். டிக்கியில் படுத்ததைச் சொன்னதும் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தாள். பாத்ரூம் கதைக்குக் கண்ணில் தண்ணீர். அப்புறம் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"எந்த வண்டி நல்லதுன்றீங்க?"

"வேன்தான். ஒரே எட்டு. நீ சுலுவா ஏறிடுவ."

"அப்படியா?"

"பின்ன?"

கத்தியை மறுபடி எடுத்தாள். "நாலு பேரு போனீங்க. முட்டி யாருக்கு வலிக்குது?"

"ஒனக்கு."

"என்ன வண்டின்னு எங்கிட்ட யாரு கேட்டது?"

"அதான் அவனுங்க கேக்கலையே. நான் ஒனக்காகத்தான சண்ட போடறேன்."

"போடறீங்க. நீங்களுந்தான் கேக்கல."

நானா? ராகு காலம் வரை கக்கூசில் உட்கார்ந்திருந்தது யாருக்காக? என்னை அந்த மூன்று பேரோடு சேர்த்துவிட்டாள். சாயங்காலம் வரை அவளோடு பேசவில்லை. அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

இரவு இடி, கொஞ்சம் மழை. கரண்ட் போய் வந்தது.

ஜூலை 6, ஞாயிறு

சொல்தா சாப்பிட வந்திருந்தார். நாளைக்குப் போய்க் கறுப்பையே முடித்துவிடலாம் என்று பேச்சு. தனம் குழம்பு ஊற்றிக்கொண்டே, "நானும் வரேன்" என்றாள்.

சரவணன்: "ஒனக்கு எதுக்கும்மா செரமம்? வண்டி வந்ததும் பாத்துக்கலாம்."

"வந்ததுக்கப்புறம் என்னா பாக்கறது? வண்டிக்குத் தகுந்தாப்பல முட்டியா மாத்த முடியும்?"

மாலினிதான், "அத்தை வரட்டுங்க. எனக்கே அந்தக் கறுப்ப ரிவர்ஸ் எடுக்கணும்னா பயமாதான் இருக்கு" என்றாள். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாளோ இதை.

சொல்தா விரலை மடக்கி எண்ணினார். "அஞ்சு. நல்ல எண்ணிக்கைதான்."

அப்படியென்றால் நான் தேவையில்லை. நான் இல்லாமலே நாலு ஆகிறது. நானாகப் போய் வேட்டியை அயர்ன் பண்ணி எடுத்து வைத்தேன். விடுவேனா.

ஜூலை 7, திங்கள்

டாக்சியில் ஏற்றுவதற்குள் தனத்துக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டாள். ஷோரூம் வாசலில் இறங்கிக் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்து நின்றாள். சரவணன் அதைப் பார்த்தான். நானும் அவன் பார்ப்பதைப் பார்த்தேன். அவனுக்கு முகம் மாறிப்போச்சு.

உள்ளே போய் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றாள்.

செடான். உட்கார்ந்தாள், கீழே போய்க்கொண்டே இருந்தாள். "கெணத்துல எறங்குன மாதிரி கீது." தூக்க நானும் மாலினியும்.

கறுப்பு. படியில் ஒரு கால் வைத்தாள். அந்தக் காலில் உடம்பைத் தூக்க முடியவில்லை. மறுபடி வைத்தாள். இறக்கிவிட்டாள். "ம்ஹூம்." சொல்தா "கைப்பிடி இருக்கும்மா" என்றார். "கை நல்லாதாண்ணே கீது. காலுதான்." சரவணன் கீழே குனிந்து அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னது சொன்னபடி. ஒருத்தராவது என் பக்கம் திரும்பினார்களா? இல்லை.

சரி, இனி வேன்தான் என்று நான் போய்க் கதவைத் தள்ளித் திறந்து நின்றேன். கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி. ஏறினாள். சுலபமாக ஏறினாள். உட்கார்ந்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன தனம்?"

"சீட்டு தணிவு. முட்டி மடங்கி மார்ல வந்து இடிக்குது. நீங்க எதப் பாத்து இதச் சொன்னீங்க?"

எல்லோர் எதிரிலும். சொல்தா இருமுவது மாதிரி சிரித்தார்.

அவளே சுற்றிப் பார்த்துவிட்டு ஓரத்தில் நின்ற ஒன்றைக் காட்டினாள். "அது என்னா வண்டிம்மா?"

"அதுவும் எஸ்யூவிதாம்மா. இதவிடக் கொஞ்சம் தணிவு. ஏழு சீட்டுதான்" என்றது ஷோரூம் பொண்ணு.

முன்கதவைத் திறக்கச் சொன்னாள். ஏறவில்லை. முதுகைக் காட்டி நின்றாள், கட்டிலில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். அவ்வளவுதான் உயரம். குனியவும் வேண்டாம், எம்பவும் வேண்டாம். அப்புறம் ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தாள். இன்னொரு காலை வைத்தாள். நீட்டினாள்.

இறங்கினாள். மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி இறங்கினாள். ஷோரூமில் மற்றவர்கள் வேடிக்கை பார்த்து அலுத்துப்போய் வேலையைப் பார்க்கப் போனார்கள். இவளுக்கு அலுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னப் பெண் மாதிரி ஆகிக்கொண்டே வந்தது.

"இது" என்றாள்.

சொல்தாவுக்கு மனசு வரவில்லை. "கொஞ்சம் குட்டையா தெரியுதும்மா. நாலு பேர் எதிர்ல போய் எறங்கினா..."

"மெடல் ஒங்க நெஞ்சுலதானண்ணே கீது. வண்டியிலயா குத்தப் போறீங்க?"

நான் இத்தனை வருஷம் அந்த ஆளைக் கிண்டல் பண்ணி இப்படி ஒரு அடி கொடுத்ததில்லை. வயிற்றெரிச்சல்.

சீட்டுப் பங்கீடு மறுபடி. அவளேதான். "முன்னாடி நான். கால் நீட்ட எடம் அங்கதான் கீது. மாலினியும் பசங்களும் நடுவுல. அண்ணனும் இவரும் பின்னாடி."

"என்னைக் கேட்டியா?" என்றேன்.

"கேக்கல" என்றாள்.

சரவணன் கையெழுத்துப் போட்டான். வெள்ளைதான் உடனே கிடைக்குமாம். ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கும் என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று ராத்திரி மழை. காலை வெளுத்துவிட்டது. வண்டி வந்துவிட்டது.

சொல்தா தலைமையில் பூஜை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பூசணிக்காயை நடுத்தெருவில் உடைத்து, அவரே ஓரமாகத் தள்ளினார். நாளைக்கு இந்த வண்டியில்தான் தூணுக்குப் போகிறார். மெடலுக்கு இப்போதே பாலிஷ் போட்டுவிட்டாராம். எதிர்வீட்டுக்காரர் வந்து, "நல்ல ஒயரமா வாங்கியிருக்கலாமே" என்றார். சரவணன், "அம்மாவுக்கு இதான் சரி" என்றான். போன வாரம் எங்கே இருந்தது இந்த வாய்?

முதலில் பிள்ளையார் கோயில். அடுத்து எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தனம் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டி, "பிள்ளைச்சாவடிக்கு விடு" என்றாள்.

பின்னால் நானும் சொல்தாவும். தோளோடு தோள். இரண்டு பேர் முட்டியும் மேலே. ஈசிஆரில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் தலை கூரையில்.

"சம்பந்தி, ஒங்க பட்டாளத்து லாரி இப்படித்தான் இருக்குமா?"

"அதுல கால் நீட்டலாம்யா."

முன்னாலிருந்து தனம்: "பின்னாடி என்ன சத்தம்?"

கடல் தெரிந்ததும் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். ஏசி வீணாகிறது என்று சரவணன் சொல்லவில்லை. இறக்கினான். அவள் தலைமுடி பறந்து மாலினி முகத்தில் விழுந்தது. மாலினி அதை மெல்ல ஒதுக்கிவிட்டாள்.

ராணி தெருமுனையிலேயே நின்றாள். வண்டி நின்றது. தனம் கதவைத் திறந்தாள். ஒரு கால், இன்னொரு கால், எழுந்து நின்றாள். ஒருத்தரும் பிடிக்கவில்லை. பிடிக்கப் போன சரவணன் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். "வந்துட்டேன்டி" என்றாள். இரண்டு பேரும் அழுதார்கள், பேசினார்கள், வீட்டைச் சுற்றிப் பார்க்க உள்ளே போனார்கள். பின்னாலேயே சரவணன், மாலினி, பசங்க.

நாங்கள் இறங்குவதற்கு நடு சீட்டை மடிக்கிற பிடி எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, பிரெஞ்சுப் பட்டாளத்துக்கும் தெரியாது. "சரவணா" என்றேன். "மாலினி" என்றார் சொல்தா. உள்ளே மாடிப்படி ஏறலாமா வேண்டாமா என்று தனம் யாரிடமோ சத்தமாகச் சண்டை போடுகிறாள். ஏறத்தான் போகிறாள். எங்களைத் திறந்துவிட ஒருத்தரும் வரவில்லை.