தேநீர்க் குடுவை காலியாகும்வரை

மார்ச் 3
இன்றும் வேலைக்குப் போகும் வழியில் மருந்து. மருந்தக ஜன்னலுக்குப் பின்னால் ஹான், சின்னக் கோப்பையில் மெத்தடோன், ஹெராயின் பவுடரை விட்டவர்களுக்குத் தினமும் கொடுப்பது. குடித்தால் மட்டும் போதாது, குடித்ததும் ஒரு வாக்கியம் பேசியாக வேண்டும். வாயில் அடக்கிக்கொண்டு போய் வெளியே துப்பி விற்றவர்கள் உண்டு, அதனால். "பேசுண்ணா" என்றாள். "மழை வரும்போல இருக்கு" என்றேன். நல்ல வெயில். தினமும் இதையேதான் சொல்கிறேன். மருந்து ஊற்றித் தரும் பெண்ணிடம் காலங்காத்தால வேறு என்ன பேசுவது?

என் மனைவி ஞாய், மகளைக் கூட்டிக்கொண்டு கம் ஃபா ஊரில் தன் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் பவுடரை விட்டது அவளுக்குத் தெரியும். நேற்று போனில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ரத்தம் பாத்தீங்களா? பாத்துட்டுப் பேசுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவள் செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது. எடுத்து உள்ளே வைக்க மனசு வரவில்லை.

மார்ச் 9
இனி எச்.ஐ.வி. சோதனை நம் மருந்தகத்திலேயே. ஆலோசனை அறை மியென் அக்கா வரிசை நெடுகிலும் வந்து ஒவ்வொருவரிடமும் சொன்னார். விரலில் ஒரு குத்து, காசு இல்லை, முடிவு அவருக்கும் நமக்கும் மட்டும்.

நமக்கு மட்டுமா! எதிரிலேயே சென் கிழவியின் ஐஸ் டீக்கடை. மருந்து குடித்தவர்கள் எல்லோரும் அந்த பெஞ்சில்தான். கண் எல்லாம் அக்காவின் கதவு மேல். போனதும் திரும்பி வந்தால் சுத்தம், உள்ளே உட்கார்ந்துவிட்டால் முடிந்தது கதை. இந்தச் சட்டத்தை எவன் போட்டான் என்று தெரியாது. ஆனால் எல்லோரும் நம்புகிறார்கள். நானும்தான்.

நான் போகவில்லை.

மார்ச் 11
தூக் சோதனைக்குப் போனான். என் கூட வெல்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவன், வாய் ஓயாத பயல். ரொம்ப நேரம் வரவே இல்லை. வந்தபோது முகம் வெளுத்துக் கிடந்தது. பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். ஒருவர் விடாமல் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள். நானும் என் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அவன் பார்த்தான்.

மார்ச் 16
தூக் வரவில்லை. நேற்றும் வரவில்லை. பட்டறைக்கும் வருவதில்லை.

மார்ச் 18
அவன் வீட்டுக்குப் போனேன். மூக்கு ஒழுக, போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். மறுபடி பவுடர் பக்கம் போய்விட்டு வந்திருக்கிறான்.

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. ஊசியப் பாத்ததும் மயங்கி விழுந்துட்டேன். அந்தக்கா தண்ணி தெளிச்சுப் படுக்க வச்சிருந்துச்சு. அவ்ளோதான்."

சிரித்துவிட்டேன். இத்தனை வருஷம் நரம்பு நரம்பாகக் குத்திக்கொண்டவனுக்கு ஊசியைப் பார்த்தா மயக்கம்?

"அது வேற ஊசிண்ணே" என்றான். "அது மறக்கறதுக்கு. இது தெரிஞ்சுக்கறதுக்கு."

அப்புறம் சிரிப்பு வரவில்லை. சட்டையை மாட்டிவிட்டு இழுத்துக்கொண்டு போனேன். அவனுக்கு மருந்து கொடுக்க வைத்துவிட்டு, நேராக மியென் அக்காவிடம் போய் பெஞ்சுச் சட்டம் முழுவதையும் கொட்டினேன். டம்ளர் விஷயத்தையும். அவர் எழுந்து கதவிடுக்கு வழியாக அந்த பெஞ்சைப் பார்த்தார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 23
அக்கா மேஜையில் ஒரு தேநீர்க் குடுவை வந்திருக்கிறது. யார் உள்ளே போனாலும், முடிவு எதுவானாலும், குடுவை காலியாகாமல் வெளியே வரக் கூடாதாம். இன்று போன எல்லோரும் ஒரே மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். பெஞ்சுக்காரர்கள் முழிக்கிறார்கள். யாருக்கு என்ன முடிவு என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

சென் கிழவிதான் பொருமுகிறாள். உள்ளே ஓசியில் ஊற்றினால் இவள் கடையில் எவன் குடிப்பானாம்.

மார்ச் 30
மகள் தாவ் போனில் வந்தாள். "அப்பா, என் முன்பல்லு விழுந்துடுச்சு!" எந்தப் பல், மேலா கீழா? கேட்பதற்குள் போனைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள். பட்டறையில் நாள் முழுக்க அதே நினைப்பு. அவளுக்கு முன்பல் முளைத்தபோது முதலில் பார்த்தவன் நான். ஞாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். சோற்றுக் கையோடு ஓடிவந்தாள்.

அந்தச் சோற்றுக் கை. எனக்கு அது போதும். வேறு எதுவும் வேண்டாம்.

ஏப்ரல் 2
போனேன்.

அட்டையில் இரண்டு கோடு. இருக்கிறது.

அக்கா தேநீர் ஊற்றினார். இன்னொரு தடவை ரத்தம் எடுத்து உறுதி செய்யணும் தம்பி என்றார். மாத்திரை இருக்கிறது, தினமும் தவறாமல் போட்டால் கிருமி அடங்கிவிடும், அப்படி அடங்கியபின் பெண்டாட்டிக்குத் தொற்றாது, மகளைக் கட்டிக்கொள்ள இன்றைக்கே ஒரு தடையும் இல்லை. எல்லாம் காதில் விழுந்தது. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவ வருவாளாக்கா?"

"அதுக்கு எங்கிட்ட சோதனை இல்ல தம்பி."

குடுவை காலியாகும்வரை அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். பெஞ்சில் யாரும் நகரவில்லை. தூக் எனக்கும் சேர்த்து ஒரு டீ சொன்னான்.

ஏப்ரல் 10
உறுதியாகிவிட்டது. மாத்திரை இன்று முதல்.

ஏப்ரல் 13
ஞாயிடம் சொல்லிவிட்டேன். ஒளிக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பொய் சொல்லி அவளைக் கூப்பிட்டு என்ன செய்வேன்? முழுவதையும் கேட்டாள். அப்புறம், "அப்ப எனக்கும் பாக்கணும்ல?" என்றாள். வைத்துவிட்டாள்.

ஐயோ. இத்தனை நாளும் என் பயத்தையே கட்டிக்கொண்டு அழுதேனே. அவளுக்கும் இருந்தால்? என்னால்தானே? என்னால்தான்.

ஏப்ரல் 15
செருப்பை எடுத்து உள்ளே வைத்தேன். மறுபடி வாசலிலேயே வைத்தேன்.

ஏப்ரல் 21
வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் அவள் பையைத்தான் பார்த்தேன். சின்னப் பை. இளைத்திருக்கிறாள். நானும் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அக்காவின் அறைக்குள் போனாள்.

நான் பெஞ்சில். கண் கதவு மேல். உள்ளே ஒன்றும் இல்லாமலும் டீ குடிக்கலாம், எல்லாம் முடிந்தும் டீ குடிக்கலாம். நான் போய்ச் சொல்லி வந்த வழக்கம், இன்றைக்கு என்னையே வாட்டுகிறது. சென் கிழவி கேட்காமலே ஒரு டம்ளரை என் கையில் திணித்தாள். காசு வாங்கவில்லை.

கதவு திறந்தது. தூக் நகர்ந்தான், அவள் உட்கார இடம் விட்டு.

"அந்தக்கா டீ என்ன இப்படிக் கசக்குது" என்றாள். பிறகு மெல்ல, "எனக்கு இல்ல" என்றாள்.

எல்லோர் முன்னாலும் அழுதேன். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "என் செருப்ப வச்சிருக்கீங்களா, தூக்கிப் போட்டாச்சா?"

"வாசல்லதான் இருக்கு."

அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 29
போன் இல்லை. மாத்திரை போட்டேன். வேலைக்குப் போனேன்.

மே 7
ஹான் கோப்பையை நீட்டினாள். குடித்தேன். "பேசுண்ணா. மழைதானே?" என்று அவளே சிரித்தாள்.

இல்லை தங்கச்சி, இன்னைக்குச் சீக்கிரம் போகணும், மத்தியான பஸ்ஸில வர்றாங்க, ரெண்டு பேரும், பெரிய பையாம், தூக்க முடியலையாம், நண்டு நூடுல்ஸுக்கு வாங்கி வைக்கச் சொல்லியிருக்கா, பொண்ணுக்கு அந்தப் பல்லு மறுபடி முளைக்க ஆரம்பிச்சிருக்கு, மேல் பல்லு, நான் கீழன்னு நெனச்சிட்டிருந்தேன்...

"முழுங்கிட்டண்ணா, போதும், தெரியுது" என்றாள் ஹான். பின்னால் வரிசையில் திட்டினார்கள். நான் பேசிக்கொண்டே இருந்தேன்.