மூன்றாவது கடைசிச் சுற்றுப்பயணம்

அன்புள்ள உனக்கு,

ஒரு ராக் இசைக்குழு எத்தனை முறை விடைபெறலாம்? எனக்குத் தெரியவில்லை. இது உங்கள் குழுவுக்கு மூன்றாவது கடைசிச் சுற்றுப்பயணம்.

நீ இன்னும் ஓராண்டு இப்படிக் கத்திப் பாடினால் பேச்சே போய்விடும் என்று மருத்துவர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஒத்திகையில் எல்லார் முன்னும், "ஒஹையோ கண்காட்சியோட நிறுத்திக்கிறேன், சத்தியமா" என்றாய். பேஸ் கிதார் வாசிக்கும் டுவெய்ன் சிரித்தான். "போன தடவயும் இதே சத்தியம்தான் மச்சான். அந்த 'கடைசிப் பயணம்' டி-சர்ட்டே இன்னும் விக்கல."

நாளை அந்த வேளாண் கண்காட்சி. பன்றிப் பந்தயம் முடிந்ததும் உங்கள் மேடை. வருகிறேன்.

நேற்று கடிதத்தை இங்கே நிறுத்தியிருந்தேன்; இன்று கண்காட்சிக்கு வந்தேன். கிரஞ்ச் என்ற கரடுமுரடான ராக் பாணியின் அலை ஓய்ந்தபின் உங்களுக்குக் கிடைத்த அந்த ஒரே வெற்றிப் பாட்டின் நடுவில் உன் குரல் நின்றது. கூட்டமே பாடி முடித்தது. பிறகு நீ கரகரத்த குரலில், "அடுத்த வருஷமும் இங்கேயே பாப்போம்" என்றாய். எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

உன் மனைவி