சிவப்புக் காருக்குள் என் டீசல் பம்ப்

அன்புள்ள எவுலாலியா,

கலிபோர்னியாப் புல்தரைகளின் சக்கரவர்த்தியும் உன் கணவனுமாகிய நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி? மகளின் கல்யாண கவுன் தைத்தாயிற்றா?

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. என் லாரியின் டீசல் பம்ப் செத்துவிட்டது. அந்த மாதிரி பம்ப் செய்வதை நோவா காலத்திலேயே நிறுத்திவிட்டார்கள். நல்லவேளை, நாமே கழற்றி எடுத்துக்கொள்ளும் பழைய வண்டிக் கிடங்கில் ஒன்று கிடைத்தது. ஆயிரம் யானை பலத்தோடு கழற்றி முடிப்பதற்குள் கல்லாவை மூடிவிட்டார்கள். எல்லோரும் செய்வதுபோல, அடுத்தவன் கண்ணில் படாமல் ஒரு சிவப்புக் காரின் டிக்கியில் ஒளித்துவைத்து வந்தேன்.

மறுநாள் போனால் கேட்டில் பூட்டு. கிடங்கை விற்றுவிட்டார்களாம். உள்ளே ஒரு ராட்சத இயந்திரம் கார்களை அப்பளமாக்கிக்கொண்டிருந்தது.

"செல்சோ, அந்தச் சிவப்புக் கார்ல என் பம்ப் இருக்குடா! ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லு!" என்று காவலாளியிடம் கத்தினேன்.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க மாமா. யாரையும் உள்ள விடக்கூடாதாம். நாளைலேர்ந்து எனக்கே வேலையில்ல."

வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிவப்புக் காரின் முறையும் வந்தது.

மற்ற கிடங்குகளைப் போன வருஷமே மூடிவிட்டார்கள். லாரி இல்லாவிட்டால் புல்வெட்டும் இயந்திரத்தைத் தலையிலா சுமப்பேன்? வேலையில்லாமல், கையில் காசில்லாமல், எல்லை தாண்டிக் கல்யாணத்துக்கு எப்படி வருவேன்? நீ கவலைப்படாதே.

கொஞ்சம் காய்ந்த மிளகாய் அனுப்பு. நம் நாய் குரைப்பதை போனில் பதிந்து அனுப்பு. அப்புறம், சும்மா ஒரு பேச்சுக்குத்தான்: உன் அண்ணனின் கறுப்புக் கோட்டைத் துவைத்து வைக்கச் சொல். தேவாலயத்தில் அப்பா இடத்தில் நின்று மகளைக் கைப்பிடித்து அழைத்துப்போக யாராவது வேண்டுமே.

அவசரத்தில்,
உன் லியாந்த்ரோ