வாய்கட்டி எடுத்த படம்

மகரந்தத் துகளிலும் மாமலையிலும் ஒரே நிறைவாய் உறையும் ஈசன் திருவடி வாழ்க.

அருள்புரம்,
வெள்ளிக்கிழமை.

வியட்நாமில் பணியாற்றும் என் மகன் சிரஞ்சீவி தரணீதரனுக்கு, தந்தை பொங்கியண்ணன் ஆசி கூறி எழுதுவது.

இறையருளால் இங்கு யாவரும் நலம். தொலைபேசியில் சொன்னால் இடைமறித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

சென்ற வாரம் நீ, “பூவும் பூச்சியும் படம் புடிச்சா ஊடு நடக்குமுங்களாப்பா? கேமராவ வித்துப்போட்டு அக்ஷராவக் கம்பெனிக்குப் போவச் சொல்லுங்க” என்றாய். நானும் இசைந்து, வாங்குபவரை இன்று வரச் சொல்லியிருந்தேன். உன் மனைவி அக்ஷராவோ, “நீங்க பூசைக்குப் பூப் பறிக்கறதுக்கு முன்னால கடைசியா ஒரு படம் எடுத்துக்கறனுங்க மாமா” என்று மட்டும் கேட்டாள்.

மூச்சுப் பட்ட மலர் பூசைக்கு ஆகாது என்று மறுத்தேன். நம் குலக்கோயில் பூசாரி வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதானே அம்மனை நெருங்குகிறார்? அதைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். “நானும் அப்படித்தானுங்க. என்ர மூச்சுப் பட்டா லென்ஸும் மங்கிப்போவும், பூவும் ஆடும்” என்று சொல்லி, பனியன் துணித் துண்டொன்றால் மூக்கும் வாயும் மறைய முடிந்துகொண்டாள்.

நந்தியாவட்டையின் முன் மண்டியிட்டாள். லென்ஸை முன்பின்னாகத் திருப்பிப் பொருத்தியிருந்தாள். அப்போது கடுகளவுப் பொருளும் கண்ணை நிறைக்குமாம். ஆனால் மயிரிழை நகர்ந்தாலும் உருவம் கரைந்துபோகிறது. வெளிச்சத்தைத் திருப்பிவிட என் கையில் ஒரு வெள்ளை அட்டையைக் கொடுத்து, “நீங்களும் மூச்சு உடாதீங்க மாமா” என்றாள். நானும் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டேன். அவ்வழியே வந்த உன் தாய், “மாமனாரும் மருமவளும் வாயைக் கட்டிட்டு நின்னா ஊடு எத்தன நிம்மதியா இருக்குது!” என்றாள். நாங்கள் சிரித்ததில் இரண்டொரு படங்கள் வீணாயின.

பின்பு அவள் காட்டியதை எவ்வாறு எழுதுவேன்! பூவின் நடுக்குழியில் கடுகினும் சிறிய வண்டொன்று, மேனியெங்கும் சந்தனம் பூசினாற்போல் மகரந்தம் படிய, அமர்ந்திருந்தது. இதழோரத்துப் பனித்துளிக்குள் நம் வாசல் முழுவதும் தலைகீழாய் நின்றது. நான் பறிக்கவிருந்த மலரில் எனக்கு முன்பே ஓர் அடியார் பூசையில் இருக்கிறார். இறைவன் நுண்ணியன் என்று நாள்தோறும் வாய் ஓதிற்று. கண் இன்றுதான் உடன்பட்டது. அந்த மலரை நான் பறிக்கவில்லை.

நம் பனியன் கம்பெனித் துணியையும் படம் எடுத்திருக்கிறாள். ஒவ்வொரு நூல்வளையமும் அடுத்ததன் தோளைத் தழுவி நிற்கிறது. எடைபோட்டு விற்ற எனக்கு அத்தழுவல் தெரிந்ததில்லை.

வாங்க வந்தவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். உன் சொல்லை மீறிய பழி என்னைச் சேரட்டும்.

இன்னும் ஒன்று. அவள் படங்களுள் ஒன்று எனக்கு விளங்கவில்லை. நீல இழைகளுக்கிடையே பளிங்குக் கற்கள் மின்னின. கேட்டேன். “அவுங்க ஊருக்குப் போறப்பக் கழட்டிப்போட்ட சட்டைங்க மாமா. காலர்ல வேர்வை உப்பு” என்று கூறித் தலை கவிழ்ந்தாள். ஏன் இன்னும் துவைக்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

இனி அவளை அழைக்கும்போது கம்பெனிப் பேச்சு வேண்டாம். என்ன பார்த்தாய் என்று கேள். விடுப்புக் கிடைக்குமாயின் வா.

உன் முயற்சிகள் தழைக்க, உங்கள் இல்லறம் ஒளிபெற, இருவரும் ஒரு கூரையின்கீழ் நெடுங்காலம் இனிதிருக்க எம்பெருமான் அருள்க.

உன் தந்தை,
பொங்கியண்ணன்