சத்தியம் செய்து சொன்ன பிறந்தநாள்

தாத்தா,

இன்று காலை சூட்கேஸ் அடுக்கிக்கொண்டிருந்தேன். அலுமாரியின் மேல்தட்டில் பழைய போர்வைகளுக்குப் பின்னால் கையை விட்டபோது உங்கட கறுப்புக் கைப்பை அகப்பட்டது. சிப்பை இழுத்ததும் உங்கட அத்தர் வாசம். நீங்கள் கதவடியில் வந்து நிற்கிறீர்கள் என்று நினைத்துத் திரும்பியே பார்த்துவிட்டேன். வாசலில் செருப்பு மட்டும் கிடந்தது, அதுவும் என்னுடையது.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துக் கதைத்தால் உங்களுக்குப் பிடிக்காது. விசா வந்துவிட்டது. கூரியர்காரர் கொண்டுவந்து தந்த பாஸ்போர்ட் சுவாமித் தட்டில் இருக்கிறது. வெள்ளவத்தையில் இந்தப் படிகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் கிடைத்திருக்கிறது. கேட்க நீங்கள்தான் இல்லை.

உங்கட ஆட்கள் அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுவதைக் கேட்டு நானும் அப்படியே பழகிவிட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்ற என் மாமியிடம், "கீழ்வீட்டுத் தாத்தா கத்தரிக்காய்க் கறி தந்துவிட்டவ" என்று சொன்னேன். மாமிக்குப் பாதிதான் கேட்டதோ என்னவோ, "புருஷன் வெளிநாட்டில இருக்கேக்க எந்தக் கிழவன் உனக்குக் கறி அனுப்புறவன்?" என்று சண்டைக்கு வந்துவிட்டா. அதைச் சொன்னபோது நீங்கள் படியில் உட்கார்ந்து, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். பிறகு மாமி நின்ற நாளெல்லாம், "அந்தக் கிழவன் அனுப்பினது" என்று சொல்லியே கறி தந்தீர்கள்.

இந்தக் கைப்பையை எம்பசி இன்டவியூவுக்குக் கொண்டுபோகத் தந்தது நீங்கள்தான். என்னுடையதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தீர்கள். "இது மரக்கறி வாங்கப் போற பேக். இதக் கொண்டுபோய் வெள்ளக்காரன்ட முன்னுக்கு வெக்கப் போறீங்களா?" இவர் வெளிநாடு போன நாள் முதல் அனுப்பிய பணத்தின் சிட்டைகள், தொலைபேசிக் கட்டணங்கள், கலியாணப் படங்கள் எல்லாவற்றையும் வருஷ வாரியாகப் பொலித்தீன் உறைகளில் போட்டு மேசையில் அடுக்கியிருந்தேன். உங்களுக்குத் தெரியும், ஒரு தீப்பெட்டி வாங்கினாலும் எழுதிவைக்கிறவள் நான். "தங்கச்சி, நீங்க எம்பசிக்குப் போறீங்களா, வருமானவரிக் கந்தோருக்குப் போறீங்களா?" என்றீர்கள்.

உள்ளே தொலைபேசி கொண்டுபோகக் கூடாது என்று தெரிந்ததும் நீங்களும் ஓட்டோவில் ஏறிவிட்டீர்கள். என் போனை வைத்துக்கொண்டு எதிர்ப்புறத்து மர நிழலில் நின்றீர்கள். அந்த நிழலும் பத்து மணிக்கு மேல் நகர்ந்து போயிருக்கும். கறுப்பு அபாயாவோடு அந்த வெயிலில் எப்படி நின்றீர்கள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவேயில்லை. எனக்கு என் பதற்றம்.

உள்ளே முதலில் வலது கையை உயர்த்தச் சொன்னார்கள். உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டேன் என்று சத்தியம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளை. எங்கே கலியாணம், ஆர் ஆர் வந்தார்கள், இவர் அங்கே என்ன வேலை, கடைசியாக எப்போது கதைத்தீர்கள் என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் கடகடவென்று பதில் சொன்னேன். போரின் கடைசிக் காலத்தில் இவர் போனதையும், அங்கே வழக்கு இழுபட்டு இழுபட்டு வதிவிட உரிமை கிடைத்ததையும் அழாமல் சொன்னேன். பிறகுதான் அந்தக் கேள்வி.

"உங்கட கணவற்ற பிறந்தநாள் எப்ப?"

"ஆவணி உத்தரட்டாதி."

அந்தப் பிள்ளை புன்னகைத்தது. "அம்மா, திகதி சொல்லுங்கோ."

"அதுதான் பிள்ளை பிறந்தநாள்."

"பாஸ்போர்ட்டில பெப்ரவரி எண்டெல்லோ இருக்கு?"

"அது பள்ளிக்கூடத்தில சேர்க்கேக்க இவற்ற அப்பா குடுத்த திகதி. இவர் பிறந்தது ஆவணியில."

பிள்ளையின் புன்னகை நின்றுவிட்டது. அது மெதுவாக மொழிபெயர்த்தது. அதிகாரி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெப்ரவரித் திகதி எனக்குத் தெரியாததல்ல. பிடரியில் அடித்து எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கையை உயர்த்திச் சத்தியம் செய்த பிறகு, பொய்யென்று தெரிந்த திகதியை எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் நட்சத்திரம்தான். மாதாமாதம் அந்த நட்சத்திரத்துக்கு, எங்கட கலியாணம் நடந்த கொட்டாஞ்சேனைக் கோயிலில் இவர் பேரில் அர்ச்சனை. பெப்ரவரியில் நான் ஒருநாளும் ஒரு கற்பூரம்கூடக் கொளுத்தியதில்லை.

"பிள்ளைகள்?"

"இல்லை."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்து, கூடவே ஒரு நிறத்தாளையும் தந்தார். இன்னும் விசாரிக்க வேண்டியிருக்கிறது, அறிவிப்போம் என்று அந்தப் பிள்ளை சொன்னது. என் பொலித்தீன் உறைகளில் பாதியை அவர்கள் திறக்கவேயில்லை.

வெளியே வந்தபோது நீங்கள் என் போனில் இவரோடு கதைத்துக்கொண்டிருந்தீர்கள். "தம்பி, அவ உள்ளுக்குத்தான் ஈக்கிறா. நீங்க பயப்புடாதீங்க, நான் இங்கதான் நிக்கிறேன்." என் முகத்தைக் கண்டதும் பேச்சை அப்படியே வெட்டிவிட்டு, "என்ன, முகம் வெளுத்தீக்கி?" என்றீர்கள். சொன்னேன்.

"அல்லாஹ்வே! பெப்ரவரி எண்டு சொல்லிட்டு வர வேண்டியதுதானே!"

"சத்தியம் செய்துபோட்டு எப்பிடித் தாத்தா பொய் சொல்லுறது?"

போனை என் கையில் தந்தீர்கள். "சரி. அப்ப நீங்க சொன்னதுதான் சரி. வாங்க, பலூடா குடிப்பம்." காலி வீதியில் அந்தச் சின்னக் கடையில், ஒன்றும் வேண்டாம் என்றிருந்தவள் கிளாஸின் அடியிலிருந்த கசகசாவைக்கூட விடாமல் குடித்தேன்.

இவர் அப்படிச் சமாதானமாகவில்லை. "உமக்கு மூளை இருக்கே?" என்று அங்கிருந்து கத்தினார். "பிறந்த திகதி பொய்யெண்டு நீரே வாயால சொல்லிப்போட்டு வந்திருக்கிறீர். இனி என்ர பைலையும் கிண்டப் போறாங்கள்." அதுவரை எனக்கு விசா கிடைக்காமல் போய்விடுமோ என்றுதான் பயந்தேன். அதன் பிறகு, இத்தனை வருஷம் கஷ்டப்பட்டு இவர் எடுத்த உரிமையும் என் வாயால் போய்விடுமோ என்ற பயம் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. போனில் அந்த எம்பசிப் பக்கத்தைத் திறந்தால் எப்போதும் ஒரே சொல். பரிசீலனையில்.

காலையில் பால் வாங்க இறங்கினால் உங்கள் கதவு திறக்கும். "எம்பசியால ஏதும் வந்தீக்கா?" இல்லை என்பேன். "இன்ஷா அல்லாஹ், வரும்" என்று கதவு மூடும். உங்கட புருஷன், மச்சான், சவூதியில் இருந்த காலமெல்லாம் நீங்களும் இப்படிக் காத்திருந்தவர்தானே. நான் சமைக்காமல் பிளேன்டீயோடு பொழுதைப் போக்குவதைக் கண்டுபிடித்து ஒருநாள் ஏசினீர்கள். "காத்திருக்கிறது ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம். ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க." அன்றிலிருந்து மத்தியானம் உலை வைக்காமல் விட்டதில்லை.

விசா கிடைக்கும்வரை ஒரு மாதமும் அர்ச்சனை தவறவிடுவதில்லை என்று நேர்ந்துகொண்டதையும் உங்களிடம்தான் சொன்னேன். பஞ்சாங்கக் கலண்டரில் உத்தரட்டாதி எந்த நாளில் வருகிறது என்று நான் தேடுவதை எட்டிப் பார்த்துவிட்டு, "நாங்க பிறை பாக்கிற, நீங்க நட்சத்திரம் பாக்கிற. ரெண்டு பேரும் வானத்தத்தான் பாத்துக்கொண்டீக்கிறம்" என்றீர்கள்.

பிறகு அந்தக் காலை வந்தது, தாத்தா. உத்தரட்டாதி. தலை முழுகி, தட்டத்தில் பூவும் தேங்காயும் வெற்றிலையும் வைத்து, கொட்டாஞ்சேனைக்கு பஸ் எடுக்கப் படியிறங்கினேன். உங்கள் கதவு திறந்திருந்தது. வாசல் நிறையச் செருப்புகள். உங்கட மகன் வெளியே வந்து, "உம்மா போய்ட்டா அன்ட்டி. சுபஹ் தொழுதிட்டுப் படுத்தவ" என்றார். மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முன் எடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னார்.

படியில் தட்டத்தோடு நின்றேன். கொட்டாஞ்சேனைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் உங்களை எடுத்திருப்பார்கள். உங்கள் வீட்டுக்குள் போனால், செத்த வீட்டுக்குப் போன உடம்போடு அன்றைக்குக் கோயிலுக்குப் போகமுடியாது. நேர்த்தி முறிந்துபோகும். விசா ஊசி முனையில் நிற்கிற நேரம். இவரின் முகம் ஒருதரம் வந்து போனது. வெயிலில் என் போனோடு நின்ற உங்கள் முகமும் வந்தது.

தட்டத்தைப் படியின் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். பெண்கள் நகர்ந்து இடம் தந்தார்கள். உங்கள் முகம் ஏதோ பகிடி சொல்லப்போகிறவர் முகம்போலவே இருந்தது. உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாது, ஒப்பாரி வைக்கக் கூடாது என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். அதனால் சத்தமில்லாமல் அழுதேன். ஜனாஸாவை ஆண்கள் தோளில் எடுத்துப் படியிறங்கும்வரை நின்றேன்.

அன்றைக்கு முழுகிவிட்டுச் சுவாமித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கோ" என்று மட்டும் சொன்னேன். வேறென்ன சொல்வது? அந்த மாதம் முழுக்கப் போன் மணி அடித்தால் சுவாமித் தட்டைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். தவறவிட்டேன் என்று மனம் குத்தும். உங்கள் வீட்டுக்குள் வராமல் விட்டிருக்கலாமோ என்று மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை. இதை நம்புங்கள்.

பிறகு ஒருநாள் மத்தியானம் இவர் எடுத்தார். அங்கே தன்னைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். குரலில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

"மனுசியின்ர பிறந்தநாள் எப்ப எண்டு கேட்டாங்கள்."

"என்ன சொன்னீங்கள்?"

"தை ரோகிணி எண்டன்."

"ஐயோ, நீங்களுமா? திகதி சொல்லியிருக்கலாமே!"

"வாயில அதுதான் வந்தது. என்னையும் கையைத் தூக்கிச் சத்தியம் பண்ண வைச்சவங்களெல்லோ" என்று சொல்லிவிட்டு இவர் சிரிக்கத் தொடங்கினார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. அங்கே விசாரித்த அதிகாரிக்கும் சிரிப்பு வந்ததாம். பெப்ரவரித் திகதி எப்படி வந்தது என்று கேட்டார்களாம். அப்பா பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தது என்று இவரும் நான் சொன்னதையே சொல்லியிருக்கிறார். அந்த நாட்டுக்குப் போன புதிதில் நடந்த முதல் விசாரணையிலேயே அதைச் சொல்லிவிட்டாராம். எனக்குச் சொல்லத்தான் மறந்துபோனாராம். என்னை மூளையில்லாதவள் என்று ஏசினபோதும் அது ஞாபகம் வரவில்லையாம்! நீங்கள் இருந்திருந்தால் போனைப் பறித்து, "தம்பி, இப்ப ஆருக்கு மூள இல்ல?" என்று கேட்டிருப்பீர்கள். நான் உங்களுக்காகக் கேட்டேன். ஆனால் நீங்கள் கேட்கிற மாதிரி வரவில்லை.

கொஞ்ச நாளில் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொல்லி அறிவித்தல் வந்தது. நேற்று அது திரும்பி வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விசாத் தாளை வாசித்தேன். பிறகு அடுப்படிக்குப் போய் உலை வைத்தேன். அரிசியைக் களைந்துகொண்டிருந்தேன். அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். அது அழுகை இல்லை, தாத்தா. கன காலம் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவள் மூச்சு விடுவாளே, அதுதான். நான் ஒவ்வொன்றையும் எழுதிவைத்துக் கணக்குப் பார்க்கிறவள். கடவுள் அப்படிப் பார்க்கிறவர் இல்லை போலிருக்கிறது.

அடுத்த கிழமை பயணம். இவர் இருக்கிற ஊரிலும் ஒரு கோயில் இருக்கிறதாம். முந்தி சாமான் களஞ்சியமாக இருந்த கட்டிடம், உள்ளே பிள்ளையார் இருக்கிறார், மாதம் முழுக்கக் குருக்கள் நிற்கிறார் என்றார். அங்கேயும் உத்தரட்டாதிக்குப் போவேன். நீங்கள் போன நாளும் அதுதான் என்பதால் எனக்கு இனி அது ஒருவரின் நாளாக மட்டும் இருக்காது.

உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது, உங்கள் பேரிலும் ஒரு அர்ச்சனை செய்யட்டுமா என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "வேணாம் தங்கச்சி. என்ட பேர அங்க சொல்லாதீங்க, எங்களுக்கு அது கூடாது. மனசுக்குள்ள நெனைங்க, அது போதும்."

சொல்லமாட்டேன். இவரின் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்வேன். குருக்கள் எழுதிக்கொண்டு, "வேற ஆருக்கும் செய்ய வேணுமோ அம்மா?" என்று கேட்பார். இல்லை ஐயா என்பேன். தட்டத்தை வாங்கியதும் உடனே திரும்பிவிடமாட்டேன், தாத்தா. கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பேன்.